கணக்கு

அரக்கோணத்தில் மூன்றுக்குப் பூஜ்யம்.
சித்தேரி வரை யாரும் வாய் திறக்கவில்லை.
மகேந்திரவாடியில் ஏறிய வேர்க்கடலைக்காரர்
எங்கள் மஞ்சள் பனியன்களைப் பார்த்து
"ஜெயிச்சீங்களா?" என்று கேட்டுவைத்தார்.

அவ்வளவுதான். இர்பானுல்லா எழுந்து நின்றுவிட்டான்.
"நாலு மேட்சு. ஒரே ஒரு கோலு.
அதுவும் அவனுங்களே போட்டுக்கிட்டது.
கோச்ச மாத்துங்கன்னு நோம்புக்கு முன்னாடியே சொன்னேன்,
எவன் கேட்டீங்க?"

லாசரஸ் கடலைத் தோலை
ஜன்னலுக்கு வெளியே ஊதினார்.
காற்று அதை என் சட்டையில் கொண்டுவந்து போட்டது.
"கோச்சு இன்னா பண்ணுவாரு?
அவரா பந்த உதைக்கிறாரு?"

"உதைக்கிறவன நிறுத்துறது யாரு?
லெஃப்ட் பேக்குல ஒருத்தன நிறுத்தினாரே,
அவன் நின்னானா, தூங்கினானா?
மூணும் அந்தப் பக்கந்தான் போச்சு."

அந்தப் பக்கம் சுல்பிகருடையது.
பத்தொன்பது வயது. அடுத்த பெட்டியில்
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பான்.
பார்க்காமலே எனக்குத் தெரியும்.

ஏகாம்பரம் லாரி ஷெட்டில் கணக்கு எழுதுகிறவர்.
தோல்வியும் அவருக்கு ஒரு வரவு செலவு.
"கோச்சுக்கு நாப்பது பர்சண்ட். பிளேயருக்கு முப்பது.
கமிட்டிக்கு இருபது. மிச்சம் பத்து விதி."
வாலாஜா ரோடு வருவதற்குள்
விதி ஐந்துக்கு இறங்கியிருந்தது.
முகுந்தராயபுரத்தில் கமிட்டி ஏறிவிட்டது.
ரெஃப்ரிக்கும் கொஞ்சம் ஒதுக்கினார்கள்.
எனக்கு எவ்வளவு என்று
யாரும் கேட்கவில்லை.

திருவலத்தில் பொன்னையாற்றுப் பாலம்.
இரும்பின் இரைச்சலில்
இர்பானுல்லாவின் வாய் மட்டும் அசைந்தது.
கீழே ஆறு என்ற பெயரில்
நிலா வெளிச்சமும் மணல் குழிகளும்.

வியாழக்கிழமை அந்த மனிதர்
எங்கள் ஷூ ஃபேக்டரி கேட்டில் நின்றார்.
ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, முக்கால் மணி நேரம்.
"சனி ராத்திரி ஷிஃப்ட்டு மட்டும்
அந்தப் பையனுக்கு வேணாங்க சார்.
ஞாயித்துக்கிழமை மேட்ச்."
பார்க்கலாம் என்றேன்.
கன்டெய்னர் திங்கட்கிழமை கிளம்ப வேண்டும்.
பட்டியலில் கையெழுத்துப் போடும்போது
அவன் பெயர் பதினோராவதாக இருந்தது.
பார்த்தேன். பார்த்துத்தான் போட்டேன்.
காலை ஆறு மணிக்கு பஞ்ச் அடித்துவிட்டு
ஆறே முக்கால் ரயிலுக்கு ஓடியிருக்கிறான்.

காட்பாடியில் வண்டி அரை மணி நின்றது.
தண்ணீர் பிடிக்க இறங்கிய கோச் ஞானசீலன்
எங்கள் பெட்டியில் ஏறினார்.
பேச்சு சட்டென்று அறுந்தது.
இர்பானுல்லாதான் முதலில் நகர்ந்து உட்கார்ந்தான்.
"வாங்க சார், இங்க குந்துங்க.
கடல துன்றீங்களா?"

"ப்ளாஸ்திரி இருக்கா யார்கிட்டயாவது?
சுல்பிக்கு குதிகால் கிழிஞ்சிருக்கு.
பூட்ஸு கடிச்சிட்டிச்சு."

நாளொன்றுக்கு ஆயிரத்து இருநூறு ஜோடி
என் மேற்பார்வையில் பெட்டிக்குள் போகிறது.

லாசரஸ் பர்ஸிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.
கொடுத்த தைரியத்தில் கேட்டும் விட்டார்:
"சார், தப்பா எடுத்துக்காதீங்க.
அந்தப் பையன ஏன் பாதியில மாத்தல?"

நான் என் செருப்பைப் பார்த்தேன்.
ஞானசீலன் பாட்டில் மூடியைத் திருகினார்.
திருகி முடித்த பிறகும் திருகிக்கொண்டிருந்தார்.
என் பக்கம் அவர் திரும்பவில்லை.
திரும்பியிருக்கலாம்.

"நான்தான் நிறுத்தினேன். ஆடிடுவான்னு நெனச்சேன்.
என் தப்புதான்."

அவர் போய்விட்டார்.
லத்தேரி, காவனூர், குடியாத்தம்.
வளத்தூரில் ஒருவர் ஆட்டுக்குட்டியோடு ஏறி
மேல்பட்டியில் இறங்கினார்.
பச்சகுப்பம் தாண்டியதும் ஊர் வாசனை வந்தது.
வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள்.
நாங்கள் காலால் துழாவிச் செருப்பைத் தேடுவோம்.

ஆம்பூர் விளக்குகள் தெரிந்தபோது
ஏகாம்பரம் விரல் மடக்கி முடித்திருந்தார்.
"அவரே ஒத்துக்கிட்டாரு. அப்போ கோச்சுக்கு எழுபது.
என்ன சார், சரிதானே?"

சரி என்று
தலையாட்டினேன்.