பதினோரு கிலோமீட்டர், தார் இல்லை

தாண்டிக்குடியில் டீயை வாங்கி வைத்துவிட்டு
டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குவேன்.
முப்பத்தைந்துக்கு மேல் இருந்தால்
சல்லி ஆளைத் தூக்கி எறியும்,
முப்பதுக்குக் கீழே போனால்
ஓடைப் பாறை ரிம்மைக் கடிக்கும்.
இந்த இடைவெளிக்குள்தான்
என் ஞாயிற்றுக்கிழமை.

காபிக் களம் தாண்டியதும் வலப்பக்கம் பிரியும் தடம்.
போர்டு கிடையாது.
ஒரு சிமென்ட் தூண், அதில் பாதி அழிந்த தேர்தல் சின்னம்.
அங்கிருந்து கொறட்டுமேட்டுக்குப் பதினோரு கிலோமீட்டர்.

முதலில் செம்மண்.
மழை விட்டு நான்கு நாள் ஆகியிருந்தால்
பிசைந்து மூடி வைத்த மாவின் பதம்.
பிறகு சரளை.
நமக்கு அது ஒரு சொல், சக்கரத்துக்குப் பல:
புளியங்கொட்டை அளவென்றால் பேசிக்கொண்டே போகலாம்,
நெல்லிக்காய் அளவென்றால் பேச்சு நிற்கும்,
தேங்காய் அளவு வரும்போது
பிரிசில்லா இறங்கிவிடுவாள்.
நான் இறங்கமாட்டேன்.
விழுவேன்.

ஏழாவது வளைவில் மிளகுக்கொடிகளின் நிழல்.
அங்கே பிரேக்கை விட்டுவிட வேண்டும்,
பயந்து பிடித்தால் பின்சக்கரம் தனியாக ஒரு வழி பார்க்கும்.
தார் போடாமல் விட்டார்களே, புண்ணியவான்கள் என்று
ஒவ்வொரு முறையும்
அந்த வளைவில்தான் நினைப்பேன்.

ஆறு கண்ணுக்கு முன்னால் மூக்குக்கு வரும்.
அன்று குதிரை வாடையும் சேர்ந்து வந்தது.
ஏழு குதிரைகள், முதுகில் வெண்ணெய்ப்பழ மூட்டைகள்.
பின்னாலிருந்து ஒரு குரல்:
"பள்ளத்துப் பக்கம் நில்லுங்கம்மா.
மேட்டுல நின்னா புலின்னு நெனச்சுக்கும்."
சைக்கிளைச் சாய்த்து, புலியாகாமல் நின்றோம்.

அவர் பெயர் சடையாண்டி.
"எத்தனை கிலோ ஏத்தும் இது?"
"என்னை மட்டும்தான்."
"என்ன வெலை?"
கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன்.
திரும்பித் தன் வரிசையை ஒருமுறை பார்த்தார்.
"ரெண்டு குதிரை.
புல்லு திங்காது, அது ஒரு லாபம்."

"ஐப்பசியில இந்தப் பக்கம் வந்துராதீங்க.
தண்ணி ஏறினா குதிரையே நின்னுரும்."
"அப்ப ஆளுங்க?"
"ஆளும் நிக்கும்."

என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார்.
ஆபீஸ் என்றேன்.
எந்த ஆபீஸ் என்று சொல்லவில்லை.

ஒன்றிய அலுவலகத்தில்
சாலை மதிப்பீடு எழுதுகிறவள் நான்.
இந்தப் பதினோரு கிலோமீட்டர்
பச்சை அட்டை போட்டு என் மேசையில் இருக்கிறது.
இந்த இடத்துக்குச் சிறுபாலம் ஒன்று,
ஆற்றுக்கு ஆறு மீட்டர் என்று
வரைபடத்தைப் பார்த்து
மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதியது என் கை.
அதே கையால் சைக்கிளைத் தோளில் ஏற்றி
தண்ணீரில் இறங்கினேன்.
எண்ணிக்கொண்டே நடந்தேன்.
ஆறு மீட்டர் முடிந்தபோது
தண்ணீர் தொடையில் இருந்தது,
அக்கரை அக்கரையிலேயே இருந்தது.
பதினான்கு.

ஏற்றத்தில் பிரிசில்லா மூச்சு வாங்கக் கேட்டாள்:
"ரோடு போட்டுட்டாங்கன்னா அப்புறம் எங்கடி போவோம்?"
கியரை மாற்றினேன்.
சங்கிலி மட்டும் ஏதோ சொன்னது.

ராத்திரி தடத்தைப் போனில் ஏற்றி, குழுவுக்கு எழுதினேன்:
தார் துளியும் இல்லை. அருமை.
திங்கள் காலை கோப்பைப் பிரித்தேன்.
'தற்போதைய நிலை' என்ற கட்டத்தில்
என் கையெழுத்திலேயே இருந்தது:
போக்குவரத்துக்கு உகந்ததல்ல.
இரண்டும் பொய் இல்லை.
இடுப்பு இரண்டுக்கும் சாட்சி சொன்னது.

ஆறை அடித்தேன். பதினான்கு எழுதினேன்.
சுருக்கொப்பம் வைத்தேன்.
பாலம் நீண்டதும் தொகை ஏறியது.
இந்தத் தொகைக்கு இங்கே கையெழுத்துப் போட ஆள் இல்லை,
கோப்பு மாவட்டத்துக்குப் போக வேண்டும்.
போய்த் திரும்ப ஒரு மழைக்காலம்,
ஆள் மாறினால் இரண்டு.

சரியாகத்தான் அளந்தேன்.
அதைப் பிரிசில்லாவிடம் இரண்டு முறை சொன்னேன்.

அடுத்த ஞாயிறு
டயரில் முப்பத்திரண்டு வைத்தேன்.