கதவடைப்பு

வீடு இல்லை. மீட்டர் இருக்கிறது.
நேமத்தான்பட்டி தாண்டி, தைலமரக் காடு முடிந்து
உடைமுள் தொடங்கும் இடத்தில்
பாலை மரத்தில் ஆணியடித்து.
கம்பி மரத்திலிருந்து இறங்கி
நேராகச் செம்புறாங்கல்லுக்குள் போகிறது.

பதிவேட்டில் இது வீட்டு இணைப்பு.
பெயர் வீர. மெ. வள்ளியப்பன்.
எனக்கு முன் கணக்கெடுத்த சேவுகப்பெருமாள்
பதினோரு வருடம் அட்டையில் எழுதியது
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
பிறகு ஒருநாள் அவருடைய சைக்கிள் மட்டும்
கண்மாய்க் கரையில் நின்றதாம்.
சோம்பேறி மனுஷன் என்றார்கள் ஆபீசில்.

நான் நேர்மையாகத்தான் தொடங்கினேன்.
தை மாதம் நான்கு யூனிட்.
ஒரு குண்டு பல்பு, அவ்வளவுதான்.
பங்குனியில் பதினேழு.
ஆடு மேய்க்கும் வெள்ளைக்கண்ணு வழிமறித்தான்:
"பதினேழு உருப்படி காணோம்க்கா.
நரியுமில்ல, களவுமில்ல."

பாறையில் காது வைத்தேன்.
மின்விசிறி. கிரைண்டர்.
யாரோ பதினாறாம் வாய்ப்பாடு சொல்லி
எட்டில் தடுக்கி
மறுபடி முதலிலிருந்து.
சுற்றிலும் மயில்கள் அகவாமல் நின்றன.
தோகைக் கண்கள் மட்டும்
ஒவ்வொன்றாய் இமைத்தன.

பில் தவறியதே இல்லை.
கானாடுகாத்தான் கவுண்டரில் தேனம்மை
நோட்டுகளை முகர்ந்து காட்டினாள்.
ஈரம். கிடா வாடை.
"ரசீது கிழிக்கக் குனிஞ்சேன்,
நிமிந்தா வரிசையே இல்ல."

வைகாசியில்
ஒன்றே ஒன்று.
வெள்ளைக்கண்ணுவின் தொரட்டி
பாலை மரத்தில் சாய்ந்திருந்தது.
மிச்ச ஆடுகள் அதைச் சுற்றிப் படுத்து
அசைபோட்டுக்கொண்டிருந்தன.

ஒன்று என்று எழுதிவிட்டேன்.
எழுதிய கை வண்டியின் கைப்பிடியைத் தொட்டபோதுதான்
அந்தப் பூஜ்யங்கள் புரிந்தன.
மனுஷன் பதினோரு வருடம்
அதைப் பட்டினி போட்டிருக்கிறார்.

ஆடியில் போனபோது
சக்கரம் சுழலும் சத்தம்
தைலமரங்களுக்குள்ளேயே கேட்டது.
பூஜ்யம் போடப் பேனாவை வைத்தேன்.
சைக்கிள் ஞாபகம் வந்தது.
பேனாவை எடுத்தேன்.

ஆள் இல்லாத வீட்டுக்கு
எங்கள் வேலையில் ஒரு சொல் உண்டு.
கதவே இல்லாத அந்த இடத்துக்கு
அட்டையில் எழுதினேன்:
கதவடைப்பு.

வாய்ப்பாடு நின்றது.
மயில்கள் திரும்பிப் பார்த்தன.
என் செருப்புக்கு நேர் கீழே
வெள்ளைக்கண்ணுவின் குரல்:

"பூட்டலக்கா.
தொறந்துதான் கெடக்கு."