மைனஸ் நாற்பத்தொன்று

"உலகம் சூடாகிறது என்கிறாயே,
பின்னே என் ஆடுகள் ஏன் விறைத்துச் செத்தன?"
போனில் தம்பதர்ஜா. பின்னால் நாய் குரைக்கிறது.

அல்தாய் மலைச்சாரல் வானிலை நிலையத்தில்
இன்று நான் மட்டும்.
வரைபடத்தை விரலால் தேய்க்கிறேன்,
அழிந்துவிடும் என்பதுபோல.

கோடையில் மழை பொய்த்தது, சொல்கிறேன், புல் இல்லை.
இளைத்த உடம்போடுதான் குளிருக்குள் போயின.
நவம்பரில் ஒருநாள் வெயிலடித்து
பனி உருகி, இரவில் இறுகிக் கண்ணாடியானது.
குளம்புக்கு உடையாத கண்ணாடி.

"அப்படியானால்
அந்த வெயில்தான் கொன்றதா?"

அன்று நானும்
கம்பளிக் கோட்டைக் கழற்றிப்போட்டு
வாசலில் நின்று உப்பு டீ குடித்தேன்.

"எத்தனை?" என்றேன்.
"எண்ணவில்லை."
எண்ணியிருப்பான்.

பதிவேட்டில் எழுதினேன்:
மைனஸ் நாற்பத்தொன்று. காற்று இல்லை.
வானம் தெளிவு.