ஒரு பிராங்க் இருபது

தூண் நகரத்து அஞ்சலகத்தில்
பத்து நாள் கெடுவின் ஒன்பதாம் நாள்
ஒரு கோபத்தை உறைக்குள் மடித்துக்கொண்டு
வரிசையில் நின்றேன்.

மூன்று குறை எழுதியிருந்தார் பரிசோதகர்.
சோறு ஐம்பத்திரண்டு பாகையில் கிடந்தது, ஒன்று.
முழுப் பூசணிக்காயைத் தேடுகிறவர்போல்
சோற்றுக்குள் கம்பியைச் செருகி
அசையாமல் நின்றார் மனிதர்.
கை கழுவும் தொட்டியில் கீரை, இரண்டு.
மூன்றாவதைத்தான் பொறுக்க முடியவில்லை:
வனிலா ஐஸ்கிரீம் டப்பாவில்
மீன்குழம்பு.
எங்களுக்கு அது வழக்கம்.
அவருடைய தாளில் அது
தவறான தகவல்.

பதினெட்டு வருடமாகச் சமைக்கிறேன்,
கல்யாணம், சாமத்தியம், அந்தியேட்டி,
யாரும் செத்ததில்லை
என்று எழுதியிருந்தேன்,
டொச்சில், மகனிடம் திருத்தி வாங்காமல்.

"புது முத்திரை வந்திருக்கு, வேணுமா?"
என்றாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள்.
ஒரு பால் கேன்.
அதன் வாய்க்குள் வெப்பமானி.
அதைப் பிடித்த கைக்கு மேலே
சிரிக்காத ஒரு முகம்.
ரோசினா சுர்ஃப்ளூ.

கூடவே ஒரு துண்டுத்தாள்.
பண்ணை பண்ணையாக நடந்தாள்,
நாயை அவிழ்த்துவிட்டார்கள்,
மறுபடியும் போனாள்.
கிருமியை எண்ணப் படிக்கும் முன்பே
ஒரே கோடையில், ஒரே பள்ளத்தாக்கில்
அவள் எண்ணி எழுதியவை
சின்னப் பெட்டிகள்,
நாற்பத்தொன்று.

நாற்பத்தொன்றை இரண்டு தரம் வாசித்தேன்.
விருந்து முடிந்து வீடு போனவர்களை
நான் எண்ணியதில்லை.

பழக்கத்தில் நாக்கு வெளியே வந்தது.
"நக்க வேண்டாம், தானே ஒட்டும்."
ரோசினாவும் இதையே சொல்லியிருப்பாள்,
இன்னும் கொஞ்சம் கடுமையாக.

ஓரமாக நின்று உறையைப் பிரித்து
அந்த ஒரு வரியை மட்டும் வெட்டினேன்.
கீரை வழக்கை விட்டுக்கொடுக்கவில்லை.
அது வேறு தொட்டி, சத்தியம் செய்வேன்.

இரண்டு முத்திரை வாங்கியிருந்தேன்.
ஒன்று பேர்ன் போனது.
மற்றது குளிர்பெட்டிக்குள்,
வனிலா என்ற எழுத்தை மறைத்துக்கொண்டு.
ஒரு பிராங்க் இருபதுக்கு
இந்த நாட்டிலேயே விலை கூடிய லேபிள்
என்றான் மகன்.
அவள் முகத்துக்குக் கீழே
இரண்டு மொழியிலும் எழுதினேன்:
மீன்குழம்பு. செவ்வாய்.

ஈரத்தில் ஓரம் கிளம்புகிறது.
பெருவிரலால் அழுத்திவிட்டு
கை கழுவப் போகிறேன்.