தேசிமரத்துக் கணக்கு

மருந்துப் போத்தல் எண்ணூற்றைம்பது ரூபாய்.
ஆட்டோ போக வர நூற்றறுபது.
அந்த வருஷம் மரம் காய்த்தது பதினொன்று.
சந்தையில் அன்றைக்கு ஒரு தேசிக்காய் இருபது.

இதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை.
காத்தான்குடியில், நம்மட ஒழுங்கையில்,
கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே
ஒரு கட்டில் போடுமளவு மண்;
அதில் நீங்கள் கட்டாருக்குப் போகுமுன் நட்ட தேசி.

அடுத்த மாரி முடிய
துளிரில் ஒரு குருவி எச்சம் கிடந்தது.
எச்சம் நகர்ந்தது.
மறுகா அஞ்சு. மறுகா பதினாலு.
ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஆட்கள் வருமுன்
ஒரு கொப்பு மொட்டை.

"மருந்தடி புள்ள, மரத்தையே திண்டிரும்" என்றா
மதிலுக்கு அங்கால ஹயாத்தும்மா.
லாபிர் கடையில் அதே போத்தல்
இப்போது ஆயிரத்து நூறு.
காசை எண்ணினேன், திரும்ப மடித்து வைத்தேன்.
இரக்கம் என்று நினைக்காதீர்கள்.
கணக்கு.

பார்க்கத் தொடங்கியது கோப்பை கழுவுகிற நேரங்களில்தான்.
பெருத்தவை பச்சையாகின.
கண் இல்லாத இடத்தில் கண் வரைந்து
என்னையே முறைத்தன.
ஹம்னா ஈர்க்கிலால் ஒன்றைத் தொட்டாள்:
தலைக்குள்ளிருந்து ஒரு செங்கொம்பு,
கொம்பிலிருந்து அழுகின தேசி மணம்.
"நம்மட தேசியத் திண்டு நம்மளயே வெருட்டுது உம்மா!"

காலையில் ஏழு புலுனி மதிலேறும்.
ஏழும் ஒரே நேரம் கதைக்கும்,
கலியாண வீட்டு அடுப்படி.
ஒன்று பாய்ந்து ஒரு புழுவைக் கவ்வி
கிணற்றுக்கட்டில் அடித்து அடித்து மென்மையாக்கிற்று.
ஹம்னா அழுதாள்.
நான் அழவில்லை: பதினாலில் ஒன்று குறைவு.
பின்னேரம் எட்டு. மறுநாள் மூன்று.
மூன்றுக்கு வந்தபிறகு
ஏன் புலுனியை விரட்டினேன் என்று தெரியாது.

மிளகாய்க் கன்றில் கொண்டைக்குருவி
பழுத்த கொச்சிக்காயை முழுசாய் விழுங்குகிறது,
கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணி இல்லை.
அதற்கு நான் கணக்கு வைக்கவில்லை.

போனில் நீங்கள் கேட்டீர்கள்,
"தேசி காய்ச்சிரிக்கா?"
கமராவைச் செவ்வரத்தைப் பக்கம் திருப்பினேன்.
லைன் கிளியர் இல்லை என்றேன்.

ஒரு நாள் உடுப்புக் கம்பியில், உங்கள் பழைய சாரனுக்குப் பக்கத்தில்,
புழு தன் இடுப்பைச் சுற்றி நூல் கட்டிப்
பின்னே சாய்ந்து நின்றது.
கால் கம்பியில். முதுகு வெறுங்காற்றில்.
பாரம் முழுதும் அந்த நூலில்.

இந்த நிற்பு எனக்குத் தெரியும்.
தோஹாவில் இருபத்திமூன்றாம் மாடி, நீங்கள் அனுப்பிய படம்,
பெல்ட்டில் சாய்ந்து,
இரண்டு கையையும் விட்டுக்காட்டிச் சிரிக்கிறீர்கள்.
அதை ஒரு தரம்தான் பார்த்தேன்.

அன்றிலிருந்து அந்தக் கம்பியில் ஒன்றும் காயப்போடவில்லை.
கதிரையில் போட்டேன், மதிலில் போட்டேன்.
ஹயாத்தும்மா கேட்க, கம்பி துரு என்றேன்.

எல்லாமாகக் கூடு மூன்று.
ஒன்று ஓட்டை விழுந்து, உள்ளிருந்து வந்தது
எறும்பளவு குளவிகள்.
அதுகளுக்கும் பசித்திருக்கும்.
ஒன்று கறுத்துக் காய்ந்தது.
கம்பியில் நின்றது மட்டும்,
சுபஹுக்கு வுளு எடுக்க நான் வர,
ஈரச் செட்டையோடு தொங்கிக்கொண்டிருந்தது,
கறுப்பு, ஓரத்தில் வெள்ளைப் புள்ளி வரிசை.
தொழுதுவிட்டு வந்தும் நின்றது.
வெயில் மதிலில் பாதி இறங்கும்வரை
அது போகவில்லை, நானும் போகவில்லை.
அன்றைக்குப் பாண் முடிந்துவிட்டது,
பிள்ளை பிஸ்கட்டோடு பள்ளிக்கூடம் போனாள்.

இப்போது மரத்தில் தேசி நாலு.
மொட்டைக் கொப்பில் துளிர்.
துளிரில் ஒரு குருவி எச்சம்.

நாளைக்கு நீங்கள் எடுத்தால் கமராவைத் திருப்பமாட்டேன்,
எல்லாவற்றையும் காட்டுவேன்.
முதலில் நீங்கள் காட்டுங்கள்
பெல்ட்டின் கொக்கி
பூட்டித்தான் இருக்கிறதா என்று.