பன்னிரண்டு லிட்டர்

பானை ஐம்பது லிட்டர்.
நாற்பது லிட்டர் பீருக்கு
வேண்டிய தண்ணீர் ஐம்பத்திரண்டு.
பதினொரு கிலோ மால்ட் இன்னும் இறங்கவே இல்லை.

லான்செஸ்டனில் ஜூலை.
கராஜ் கதவின் அடியில் நுழையும் குளிர்
கணுக்காலோடு நின்றுகொள்கிறது.

போன மாதம் மெரிக் கணக்குப் போடவில்லை.
தானியமும் இடம் கேட்கும் என்று
தரைதான் அவனுக்குச் சொன்னது;
இன்றும் பூட்ஸ் ஒட்டி ஒட்டிப் பிரிகிறது.

இம்முறை ப்ரோனா
பன்னிரண்டு லிட்டரை நீல வாளியில் ஒதுக்கினாள்.
"இது பிறகு" என்றாள். அவ்வளவுதான்.

நாற்பதில் பை இறங்கியது.
நீர் ஏறியது, ஏறியது,
விளிம்புக்கு இரண்டு விரல் கீழே
மனம் மாறி நின்றது.

ஒரு மணி நேரம் கழித்து
கார் எஞ்சின் தூக்கும் சங்கிலியில் எழுந்தது பை,
ஏழு லிட்டரைக் குடித்துவிட்டுத்
திருப்பித்தர மனமில்லாத கனம்.
வாளித் தண்ணீரை அதன்மேல் மெல்ல ஊற்றினாள்.
மெரிக் கையுறையோடு பிழிந்தான்.
ஒதுக்கிவைத்தது
பழுப்பாய், இனிப்பாய் வந்துசேர்ந்தது.

நிறைகுடம் தளும்பாதாம்.
அடுப்பில் ஏற்றிப் பார்த்தவர்
சொன்ன பழமொழி இல்லை.

நாற்பத்தைந்து.
கொதி வருகிறது. நுரை எழும்புகிறது.
இருவரும் கரண்டியோடு நிற்கிறார்கள்,
பேச்சில்லை.
நுரைக்கும் தரைக்கும் நடுவே
ஐந்து லிட்டர் காலியிடம்.