அடிக்குறிப்பு

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து லிட்டர்,
கையேடு அப்படித்தான் சொல்கிறது.
ஜெனீவாவில் மழை. வகுப்பறை வாசல் குழாயில்
கல்தூமா புட்டியை நிரப்புகிறாள்.
வழிந்தது கொஞ்சம்தான்,
அதற்குள் கை பாய்ந்து குழாயை மூடிவிட்டது.

முப்பத்தொன்பது வயது. பதினோரு ஆண்டுகள்
சாடின் கிழக்கெல்லையில் டாங்கர் லாரிகளுக்குக் காத்திருந்தவள்.
இப்போது முதுகலை, இரண்டாம் பருவம், மூன்றாம் கட்டுரை:
"பற்றாக்குறையின்போது முன்னுரிமையை
எவ்வாறு நிர்ணயிப்பீர்கள்?
ஆயிரத்தைந்நூறு சொற்களுக்கு மிகாமல்."

அன்று அவளுக்கு வாய்த்தது
லாரியின் எஞ்சின் ஆறும் நேரம்.
பிரசவக் கூடாரத்துக்கு முதலில் என்றாள்.
வடக்கு வரிசை ஆளுக்கு ஏழு லிட்டரோடு திரும்பியது.
யாரும் கத்தவில்லை.
கத்தியிருக்கலாம்.

'பயனாளிகள்' என்று எழுதி
அடிக்கிறாள்.
'ஹவா, அவள் தம்பி, அவர்களுடைய கழுதை' என்று எழுதி
கழுதையை மட்டும் அடிக்கிறாள்.

பேராசிரியர் ஓடர்மாட் நல்ல மனிதர்.
வரைவின் ஓரத்தில் பச்சை மையில் கேட்டிருக்கிறார்:
"இந்த ஏழு லிட்டருக்கு ஆதாரம்?"

ஆதாரம், லாரி ஓட்டிய இஸ்ஸா தஹேர்.
போன மழைக்காலத்திலிருந்து
அவன் கைபேசி அணைந்தே கிடக்கிறது.
விதிப்படி எழுதத் தொடங்குகிறாள்:
தஹேர், காற்புள்ளி, இஸ்ஸா.
தனிப்பட்ட உரையாடல்.
தேதி

தேதி வரவில்லை.
மஞ்சள் கேன்கள் நானூற்றுப் பன்னிரண்டு, அது வருகிறது.
அதில் ஒன்றுக்கு மூடியில்லை.
ஒரு பையன் அதன் வாயை
உள்ளங்கையால் பொத்தியபடியே
கூடாரம்வரை நடந்து போனான்.